பாட்டனாரின் முழம்

அளவுகோல் ஒன்றாகவே இருக்குமாயின், அளப்பவர் பலராக மாறினும் கணக்கு நிலைக்கும். அளவுகோல் மாறிவிடின், அளப்பவர் எத்துணை நேர்மையாளராயினும் கணக்கு வழுவும். இவ்வெளிய உண்மையை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. அன்னூரைக் கடந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையிலிருந்து சற்றே உள்ளடங்கிய நம் பழைய தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் கற்றோம். அதைக் கற்பதற்கு நமக்கு முப்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன. ஒரு குடும்பம் இரண்டாகப் பிளந்து போன கதையும் அதனுள் அடங்கியிருப்பதால், வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

நம் பாட்டனார் சோளமும் பருத்தியும் விளைவித்த எளிய குடியானவர். எருதுகள் கவலை இழுத்த காலம் அது. கிணற்று நீரே அத்தோட்டத்தின் உயிர். 1958ஆம் ஆண்டு முதல் வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும், முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றினுள் இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை முழம் என்பதைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். நோட்டுப் புத்தகம் அரபுத்தமிழில் எழுதப்பட்டது. எண்கள் அரபு இலக்கங்களில் இருக்கும். மழை, காற்று, மாட்டு நோய், பருத்தி விலை என்று ஓரங்களில் சில குறிப்புகளும் உண்டு. ஊரில் எவருக்கும் பயன்படாத அந்தக் கணக்கை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "கிணறு பேசாது, அதற்காக நாம் எழுதி வைக்கிறோம்" என்பார்.

1982இல் பாட்டனார் வஃபாத்தானார். அவ்வாண்டுக் கோடையின் கடைசிப் பதிவு 36 முழம். பின்னர் நம் தந்தையார் அப்பணியை ஏற்றார். கயிறு இற்றுப் போயிருந்தமையால் புதுக்கயிறு வாங்கித் தம் கையால் முழம் போட்டு முடிச்சிட்டார். அடுத்து வந்த 1983ஆம் ஆண்டை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்துத் தமிழகமே தவித்த ஆண்டு அது. சென்னை மாநகர் குடிநீருக்கு அலைந்த ஆண்டு. அக்கோடையில் தந்தையார் அளந்தபோது கயிறு 35 முழம் காட்டிற்று. சென்ற ஆண்டு 36, இவ்வாண்டு 35. நோட்டுப் புத்தகத்தை நம்பினால், ஊரெல்லாம் கிணறுகள் வற்றிக் கிடக்கையில் நம் கிணற்றில் மட்டும் நீர் ஒரு முழம் ஏறியிருக்க வேண்டும்!

தந்தையார் சிந்தித்தார். பாட்டனார் குட்டையானவர், தந்தையார் நெடியவர். ஒருவர் முழம் மற்றவர் முழமன்று. இதனைக் கண்டறிந்தவர், இருபத்துநான்கு ஆண்டுகளின் பழைய எண்களையெல்லாம் தம் முழத்துக்கு மாற்றி எழுதினார். 36 என்பது 33 ஆயிற்று. 24 என்பது 22 ஆயிற்று. மாற்றியது தவறன்று. மாற்றிய விதத்திலேதான் வினை புகுந்தது. அவர் எதிலும் ஒழுங்கு விரும்புபவர். ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள் நிற்பதை அவர் கண் பொறுக்காது. ஆகவே சவரத் தகட்டின் முனையால் பாட்டனாரின் மையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவ்விடத்திலேயே புதிய எண்ணை அழகாக எழுதினார்.

1987இல் பாகப் பிரிவினை வந்தது. தோட்டம் தந்தையாருக்கு, கடைவீதியிலுள்ள கடை சிறிய தந்தையாருக்கு. தோட்டத்தின் மதிப்பு மிகுதி என்பதால், தந்தையார் தம்பிக்கு ஈடாக ஒரு தொகை தர வேண்டும். அத்தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் கிணறு. அவ்வாண்டுக் கோடையில் நீர்மட்டம் 40 முழம். பாட்டனாரின் 36ஐ வைத்துப் பார்த்தால் ஐந்தாண்டில் நான்கு முழம் இறங்கியிருக்கிறது. தந்தையாரின் 33ஐ வைத்துப் பார்த்தால் ஏழு முழம். கிணறு விரைந்து வற்றுகிறது எனில் தோட்டத்தின் மதிப்புக் குறையும். தந்தையார் தர வேண்டிய தொகையும் குறையும். திருத்தம் திருத்தியவருக்கே ஆதாயமாக அமைந்துவிட்டது.

மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்த நாம் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தோம். திண்ணையில் ஜமாஅத்துப் பெரியவர்கள் நால்வர் அமர்ந்திருந்தனர். சிறிய தந்தையார் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, ஒரு தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சுரண்டிய இடங்கள் மெலிந்து, சிறு சிறு சன்னல்கள் போல ஒளியை விட்டன.

"அண்ணே, இது என்ன?"

"என் முழம் வேறு, அத்தா முழம் வேறு, தம்பி. அதனால் மாற்றி எழுதினேன்."

"முழம் வேறாகவே இருக்கட்டும். கையெழுத்து அத்தாவுடையது. அதை ஏன் சுரண்டினீர்கள்?"

தந்தையாரிடம் இதற்கு விடையில்லை. பெரியவர்கள் இருவர் கணக்குக்கும் நடுவே ஒரு தொகையைச் சொல்லி முடித்து வைத்தனர். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பெருநாள் தொழுகை முடிந்து ஊரே ஒருவரையொருவர் தழுவிக் கொள்ளும் வேளையில் இவ்விருவர் மட்டும் வெவ்வேறு வாசல் வழியே வெளியேறுவர். 1999இல் சிறிய தந்தையார் மறைந்தார். ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றிருந்த தந்தையாரின் முகம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. 2011இல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. ஒரு திருமணத்தின் பொருட்டுச் சிறிய தந்தையாரின் மகன் கோவையிலிருந்து வந்திருந்தார். பெரியவர்கள் பேசாதிருந்த காலத்திலும் நாங்கள் இருவரும் பேசாதிருந்ததில்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அன்று செய்தித்தாள்களெல்லாம் தில்லி வெப்பத்தைப் பற்றியே எழுதியிருந்தன. மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டிற்று. இந்தியாவில் அதுவரை எங்குமே பதிவாகாத அளவு. ஆனால் அதே நாளில் தில்லியின் முதன்மை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8 டிகிரிதான். வானிலை ஆய்வுத்துறை ஐயுற்று ஆட்களை அனுப்பியது. தரமான வேறொரு கருவியை அதனருகே வைத்துப் பார்த்தது. முங்கேஷ்பூர்க் கருவி ஏறத்தாழ மூன்று டிகிரி மிகுத்துக் காட்டுகிறது என்று அறிவித்தது.

தம்பி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு நாள் ஒரு கணக்கு, மறுநாள் வேறு கணக்கு. உலகம் சூடேறுகிறது என்கிறார்களே, அதுவும் இப்படிப் பழைய எண்ணைச் சுரண்டிப் புதிய எண் எழுதிய கணக்குதானாமே அண்ணே? வெளிநாட்டில் பெரிய வழக்கே நடந்ததாமே. சுரண்டி எழுதுகிறவர்களை நம்பச் சொல்லுகிறீர்களா?"

'சுரண்டி' என்ற சொல் நம் நெஞ்சில் தைத்தது. அவர் வானிலையைப் பற்றி மட்டுமா பேசினார்? அவர் தந்தையார் விட்டுச் சென்ற காயம் அது. நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு நமக்குத் தெரிந்திருக்கவுமில்லை. தெரியாததைத் தெரிந்தது போலப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று என்பதால், அன்றிரவு முதல் அறிவியல் ஆசிரியராயுள்ள நண்பரொருவரின் துணைகொண்டு படிக்கலானோம். கண்டவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

பழைய வெப்ப எண்களை அறிஞர்கள் திருத்துவது உண்மை. அதனை அவர்கள் மறைப்பதுமில்லை. ஏன் திருத்துகிறார்கள்? பாட்டனார் முழமும் தந்தையார் முழமும் போன்ற காரணங்களே. ஒரு நிலையம் ஊர் நடுவிலிருந்து ஊர்ப்புறத்துக்கு மாறும். கண்ணாடி வெப்பமானி போய் மின்கருவி வரும். அமெரிக்காவில் தொண்டர்கள் முற்காலத்தில் மாலையில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தனர். பிற்காலத்தில் காலைக்கு மாறினர். நாளின் உச்ச அளவைத் தன்னிடம் நிறுத்திக் காட்டும் கருவி அது. மாலையில் அதனைப் பார்த்து மீட்டு வைக்கும்போது, அன்றைய வெப்பமே மறுநாள் கணக்கிலும் புகுந்துவிடும். ஒரு வெயில் இரு நாளாக எண்ணப்படும். ஆகவே பழைய எண்கள் சற்று மிகையாயின. அதனைத் திருத்தும்போது அந்நாட்டின் பழைய வெப்பம் குறைந்து, வெப்ப ஏற்றம் கூடித் தெரியும். ஐயுறுவோர் சுட்டிக் காட்டுவது இதனைத்தான்.

ஆனால் நிலத்தை விடக் கடல் பெரிது. முற்காலக் கப்பலோட்டிகள் வாளியில் கடல்நீரை மொண்டு வெப்பமானியை இட்டுப் பார்த்தனர். துணிவாளி மேலே வரும்போதே காற்றுப் பட்டு நீர் ஆறிவிடும். நம் வீட்டு மண்பானைக் கதையே அது. ஆகவே பழைய கடல் எண்கள் உண்மையினும் குளிர்ந்தவை. அவற்றை உயர்த்தித் திருத்த வேண்டும். பழையதை உயர்த்தினால் ஏற்றம் குறையும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்க்கும்போது, திருத்திய கணக்கு காட்டும் உலக வெப்ப ஏற்றம், திருத்தாத கணக்கு காட்டுவதைவிடச் சற்றுக் குறைவே! இதனைப் படித்த அன்று நாம் வியந்து போனோம். முங்கேஷ்பூரிலும் அப்படித்தான், திருத்தம் வெப்பத்தைக் குறைத்ததே யன்றிக் கூட்டவில்லை.

அப்படியாயின் வழக்கு ஏன் எழுந்தது? 2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தட்பவெப்ப ஆய்வுப் பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்மடல்கள் திருடப்பட்டு வெளியிடப்பட்டன. பிரிவின் தலைவர் பில் ஜோன்ஸ் ஒரு மடலில் மரவளையங்களைப் பற்றி எழுதுகையில் 'தந்திரம்' எனப் பொருள்படும் சொல்லை வழங்கியிருந்தார். அது அத்துறையில் உத்தியைக் குறிப்பது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. ஊரார் அதனை மோசடி என்றே கொண்டனர். அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. சில நிலையங்களின் மூல எண்களை அப்பிரிவு தன்னிடம் வைத்திருக்கவில்லை. 1980களில் சேமித்து வைக்க இடம் போதாமையால், திருத்திய எண்களை மட்டும் வைத்துக் கொண்டதாக அதுவே ஒப்புக் கொண்டது. அந்த வரியைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டோம். திண்ணையும், வெயிலுக்கு எதிரே பிடித்த தாளும், சிறிய தந்தையாரின் குரலும் மீண்டன.

2010இல் பல விசாரணைகள் நடந்தன. முயர் ரஸ்ஸல் என்பார் தலைமையிலான குழு, பொதுவில் கிடைத்த மூல எண்களைத் தானே திரட்டி இரண்டே நாளில் கணக்கிட்டு, அப்பிரிவின் முடிவோடு ஒத்த முடிவையே கண்டது. எண்களில் மோசடி இல்லை; ஆனால் கேட்டவர்க்கு எடுத்துக் காட்டும் மனப்பான்மை போதவில்லை என்று கடிந்தது. தந்தையார் வழக்கில் இப்படியொரு தீர்ப்பு அன்றே வந்திருந்தால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும்!

இங்கே சார்பு என்னும் கேள்வி எழுகிறது. கணக்குப் போடுபவர் ஒரு பக்கம் சாய்ந்தவராயின் என் செய்வது? ரிச்சர்டு முல்லர் என்னும் அமெரிக்க இயற்பியலார் இக்கணக்குகளை ஐயுற்றவர். 2010இல் தாமே ஒரு குழு அமைத்தார். எண்ணெய் வணிகத்தில் செல்வம் திரட்டிய கோக் குடும்பத்தாரின் அறக்கட்டளையும் அவருக்குப் பணம் தந்தது. 36,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் எண்களைத் தம் வழியில் ஆராய்ந்து, முன்னவர் சொன்ன வெப்ப ஏற்றம் மெய்யே என்று கண்டு, 2012இல் தம் ஐயம் தீர்ந்ததென வெளிப்படையாக எழுதினார். ஆண்டனி வாட்ஸ் என்பார் 2007 முதல் அமெரிக்க நிலையங்களைப் படம் பிடித்து, பல நிலையங்கள் தார்த்தளத்துக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பக் காற்றுக்கும் அருகே இருப்பதை வெளிப்படுத்தினார். அது நல்ல பணி, மறுப்பதற்கில்லை. ஆனால் அவரும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்விலேயே, பகலுச்சத்திலும் இரவுத் தாழ்விலும் எதிரெதிர்ப் பிழைகள் இருந்தும் சராசரி ஏற்றம் பெரிதும் மாறவில்லை என்பதே தெரிந்தது. முல்லரின் முடிவு எதுவாயினும் ஏற்பேன் என்று முன்பு சொல்லியிருந்த அவர், முடிவு வந்தபின் ஏற்கவில்லை.

மறுபுறமும் பாருங்கள். ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் ஆகிய இருவர் விண்கோள் கருவிகளைக் கொண்டு வளிமண்டல வெப்பத்தைக் கணக்கிட்டனர். ஏற்றம் மிகக் குறைவு என்ற அவர்கள் கணக்கை ஐயுறுவோர் பெரிதும் போற்றினர். 1998இல் வேறு அறிஞர்கள், விண்கோள் சிறிது சிறிதாகத் தாழ்வதை அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை எனக் காட்டினர். 2005இல் இன்னொரு பிழை காட்டப்பட்டது. இருவரும் பிழையை ஒப்புக் கொண்டு திருத்தினர். திருத்தம் என்பது ஒரு கட்சியின் கருவியன்று. அளப்பவர் எல்லார்க்கும் அது வேண்டும்.

2015இல் தாமஸ் கார்ல் முதலான அமெரிக்க அரசு அறிஞர்கள், கப்பல்களும் மிதவைகளும் காட்டும் சிறு வேறுபாட்டைத் திருத்தியபோது, வெப்ப ஏற்றம் இடையில் நின்றதாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளிலும் நிற்கவில்லை என்று கண்டனர். நாடாளுமன்ற அறிவியல் குழுத் தலைவர் லாமர் ஸ்மித் அவர்தம் கடிதங்களையெல்லாம் கேட்டு ஆணை அனுப்பினார். ஆனால் 2017இல் வேறொரு குழுவினர் செய்தது எளிது. அவர்கள் எவர் கடிதத்தையும் படிக்கவில்லை. மிதவைகள், விண்கோள், கடலாழத்து மிதப்பான்கள் என்ற மூன்று தனித்தனி வழிகளில் கடலை மறுபடியும் அளந்து பார்த்தனர். திருத்திய கணக்கோடு மூன்றும் ஒத்து வந்தன. ஒருவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தேடுவது ஒரு வழி. கிணற்றில் கயிற்றை இறக்கிப் பார்ப்பது மற்றொரு வழி.

இவற்றையெல்லாம் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. ஏனெனில் இக்கேள்விகள் நமக்குப் புதியவையல்ல. நாம் இளமையில் ஓதியதும், இன்று மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பதும் இவையே. ஹதீஸ்க் கலை என்பது பெரும்பகுதி அறிவிப்பவரை எடைபோடும் கலை. இம்ரான் இப்னு ஹித்தான் காரிஜிய்யாக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடியவர். எனினும் அவர் வழிவந்த செய்தியையும் இமாம் புகாரீ (ரஹ்) தம் தொகுப்பில் எடுத்தார்கள். கொள்கை வேறு, வாய்மை வேறு என்று அறிஞர் பலர் பிரித்துப் பார்த்தனர். எனினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு: சார்புடையவர் தம் சார்புக்கே துணை செய்யும் செய்தியைச் சொல்லும்போது, அதனை ஏற்கலாகாது என்று இப்னு ஹஜர் (ரஹ்) போன்றோர் வரையறுத்தனர். தள்ள வேண்டும் என்பது மட்டுமே முடிவாயின் ஆராய்ச்சிக்கே இடமில்லை. வேறு வழியில் அச்செய்தி வருகிறதா என்று தேடுவதே அக்கலையின் உயிர். எகிப்திய நீதிபதி இப்னு லஹீஆவின் நூல்கள் தீயில் எரிந்தபின் அவர் சொல்லில் குழப்பம் புகுந்தது என்பர். ஆகவே அதற்கு முன் கேட்டவர், பின் கேட்டவர் எனப் பிரித்தனர். கருவி எந்த ஆண்டு மாறியது என்று கேட்பது போலத்தானே இது?

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. கையெழுத்துப் படிகளைத் திருத்தும் முறை பற்றி இப்னு ஸலாஹ் (ரஹ்) தம் நூலில் ஒரு பகுதியே எழுதியுள்ளார்கள். பிழையெனக் கண்டதைச் சுரண்டாதே; அதன்மேல் ஒரு கோடு இழு; அடியிலுள்ள எழுத்துப் படிக்கத் தெரியட்டும் என்பது அறிஞர் நெறி. ஹதீஸ் கேட்கும் அவைக்குள் கத்தியைக் கொண்டு வருவதையே முன்னோர் வெறுத்தனர். இன்று பிழையென்று நீ சுரண்டியது, நாளை வேறொரு வழியில் சரியென்று தெரிய வரலாம் அல்லவா? இப்பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்போம்! நம் வீட்டு அலமாரியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை ஒருமுறையேனும் நினைத்தோமா?

நினைக்கவில்லை. நம் தந்தையார் பொய் சொல்ல மாட்டார். ஆகவே அவர் கணக்குச் சரி என்று நாம் இருந்தோம். தம் தந்தையார் வீண்பழி சுமத்த மாட்டார். ஆகவே அக்கணக்குப் பொய் என்று தம்பி இருந்தார். இருவரும் அவரவர் தந்தையை நம்பினோமே தவிர, எவரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. இமாம் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்தம் தந்தையாரின் அறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது, பிறரைக் கேளுங்கள் என்று முதலில் ஒதுங்கி, வற்புறுத்தப்பட்டபின் தலை தாழ்த்தியிருந்து, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்று சொன்னதாக ஓதியிருக்கிறோம். அந்தத் துணிவு நமக்கு இல்லாமற் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை அழைத்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தோம். "நீங்களே பாருங்கள், தம்பி" என்றோம். தந்தையார் சுரண்டாமல் விட்ட தாள் ஒன்றுண்டு. அது முதல் தாள். அதில் பாட்டனார் கிணற்றின் அமைப்பை எழுதியிருந்தார். கற்கட்டு முடிந்து பாறை தொடங்குமிடத்தில் உட்புறமாக ஒரு விளிம்பு உண்டு; எங்கள் பக்கத்தில் அதனைப் பாம்பேறி என்பர். மேல்விளிம்பிலிருந்து பாம்பேறி வரை 12 முழம் என்பது பாட்டனார் எழுத்து. அதன் கீழே, வேறு மையில், 11 என்று தந்தையார் எழுதியிருந்தார். நீர் ஏறும், இறங்கும். பாறை ஏறாது, இறங்காது.

தம்பி பேசவில்லை. கோவையில் பம்பு வணிகம் செய்பவராதலால் அவர் வண்டியில் எப்போதும் இரும்பு நாடா இருக்கும். இருவரும் தோட்டத்துக்குச் சென்றோம். கிணறு வறண்டு, அடியில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்கியாயிற்று. இந்தக் கிணற்றை யார் நினைக்கிறார்கள்? நாடாவின் நுனியை நாம் விளிம்பில் பிடித்துக் கொள்ள, படிவழியே இறங்கி அளந்தவர் அவர்தாம். பதினாறரை அடி. அதாவது நூற்றுத் தொண்ணூற்றெட்டு அங்குலம். பன்னிரண்டால் வகுத்தால் பதினாறரை அங்குலம். பதினொன்றால் வகுத்தால் பதினெட்டு அங்குலம். பாட்டனார் முழம் அது. தந்தையார் முழம் இது. 36க்கு 33 என்பது அணுவளவும் பிசகாத கணக்கு.

தம்பி நெடுநேரம் பாம்பேறியிலேயே அமர்ந்திருந்தார். பிறகு மேலே வந்து, "பெரியத்தா கணக்குச் சரிதான் அண்ணே" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் சுரண்டியிருக்கக் கூடாது" என்றார்.

"கூடாதுதான்" என்றோம். அச்சொல்லைச் சொல்ல நமக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

அன்று மாலை விளக்கொளியில் ஒவ்வொரு தாளையும் பிடித்துப் பார்த்தோம். மை போன பின்னும் எழுதுகோல் அழுத்திய தடம் போகவில்லை. தெரிந்த இடங்களிலெல்லாம் பாட்டனாரின் எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி, ஏன் மாற்றப்பட்டது என்பதை முதல் தாளில் விளக்கி, இருவரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டோம். படிக்க முடியாத ஒன்பது இடங்களை வெறுமையாகவே விட்டோம்.

உலக வெப்பக் கணக்கைப் பற்றித் தம்பியின் கருத்து மாறிற்றா என்று வாசகர் கேட்கலாம். நாம் வற்புறுத்தவில்லை. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கணக்குப்படி, 1901 முதல் உள்ள ஆண்டுகளில் 2024தான் இந்தியாவில் மிக வெப்பமான ஆண்டு என்று பின்னர் ஒரு நாள் படித்துக் காட்டினோம். "மூல எண்ணும் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார். அமெரிக்கக் கடல்வளி நிர்வாகம் உலக நிலையங்களின் திருத்தாத எண்களையும் திருத்திய எண்களையும் தனித்தனியே எவரும் எடுத்துப் பார்க்குமாறு வைத்திருப்பதைச் சொன்னோம். "அப்படியானால் பார்க்கலாம்" என்றார். நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றதே நமக்குப் போதுமானதாயிருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு 17 அன்று அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்கு வருகிறது. கிணறுகளில் ஊற்றுத் திரும்புமா என்று முதியவர்கள் வாய்க்கு வாய் பேசிக் கொள்கிறார்கள். திரும்பினால் எவ்வளவு என்று அளக்க ஒரு பழைய கணக்கு வேண்டும். நோட்டுப் புத்தகத்தின் மூலம் இப்போது தம்பி வீட்டில் இருக்கிறது, படி நம்மிடம். அவருடைய மகன் மாதம் ஒருமுறை வந்து கிணற்றை அளந்து எழுதுகிறான். புதுப்பதிவின் முதல் வரியை அவனே எழுதினான்: அளவு அடியில், கருவி இரும்பு நாடா, விளிம்பிலிருந்து பாம்பேறி பதினாறரை அடி.